இரண்டும்கெட்டான் ஐஸ்

போன முறை தமிழ்ப் பள்ளி வீட்டுப்பாடச் சண்டைகளைப் பற்றி எழுதியதற்கு நிறையப் பேர் எழுதியிருந்தீர்கள். அவற்றுக்கு அடுத்த முறை வருகிறேன். இந்தக் கிழமை எங்கள் வீட்டில் நடந்தது வேறு சண்டை. அதுவும் மகளோடு இல்லை, என் அப்பாவோடு.

விசயம் இதுதான். ஒன்ராறியோவில் பெப்ரவரி மாதத்து மூன்றாவது திங்கட்கிழமை குடும்ப தினம். அந்த வார இறுதியில் லைசென்ஸ் இல்லாமல் மீன் பிடிக்கலாம் என்று மாகாண அரசு விட்டிருக்கிறது. அப்பா என் ஒன்பது வயது மகளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார்: "இந்த முறை உன்னை சிம்கோ ஏரிக்குக் கூட்டிக்கொண்டு போறன். ஐஸில ஓட்டை போட்டு மீன் பிடிப்பம்." அவள் உடனே கடற்கரைக்குக் கொண்டுபோகும் வாளியை எடுத்து வாசலில் வைத்துவிட்டாள். அந்த வாளி தடக்கி விழப் பார்த்தபோதுதான் எனக்கு விசயமே தெரிய வந்தது.

"அப்பா, அது பாதுகாப்பில்லை."

"ஆர் சொன்னது? தைப்பொங்கல் முடிஞ்சு ஒரு மாசமாகப் போகுது. ஏரி இறுகியிருக்கும். முப்பது வருசமாப் போறன், எனக்குத் தெரியாதே?"

"இப்பத்தைய ஏரி உங்கட முப்பது வருசத்து ஏரி இல்லை அப்பா."

அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக்கொண்டு கீழே பேஸ்மென்ற்றுக்குப் போய்விட்டார். அப்பா கோபித்தால் பேஸ்மென்ற்றுக்குத்தான் போவார்.

லண்டனிலும் சிட்னியிலும் இருந்து வாசிக்கிறவர்களுக்கு இது கொஞ்சம் விசர்க் கதையாகத் தெரியலாம். ரொறொன்ரோவிலிருந்து வடக்கே ஒரு மணித்தியாலம் ஓடினால் சிம்கோ ஏரி வரும். 722 சதுர கிலோமீற்றர் பரப்பு. குளிர்காலத்தில் மேற்பரப்பு உறைந்ததும் சனம் அதன் மேல் நடந்து போய், சின்ன மரக் குடில்களுக்குள் இருந்து, ஐஸைத் துளைத்துத் தூண்டில் விடும். நல்ல வருடமென்றால் குடில்கள் வரிசையாக நின்று, ஏரிக்கு நடுவே ஒரு ஊர் முளைத்த மாதிரி இருக்கும். குடிலை வாடகைக்கு விடுகிறவர்கள், தூண்டில் இரை விற்கிறவர்கள், கரையோரச் சாப்பாட்டுக் கடைகள் என்று எத்தனையோ பேருக்கு அந்த இரண்டரை மாதம்தான் உழைப்பு.

அப்பா 1988-ல் கனடா வந்தவர். கிளிநொச்சிப் பக்கம். இரணைமடுக் குளத்தில் இன்றைக்கு எத்தனை அடி தண்ணி என்பதுதான் அங்கே விவசாயக் குடும்பங்களின் காலைச் செய்தி. அப்படித் தண்ணீரை அடிக்கணக்கில் பேசி வளர்ந்த மனுசன், இங்கே வந்து ஐஸை அங்குலக் கணக்கில் பேசப் பழகினார். பழக்கியவர் அவர் வேலை செய்த பிளாஸ்ரிக் தொழிற்சாலையின் போர்மன், நியூஃபவுண்ட்லாந்துக்காரர். ஒரு ஆள் நடக்க நாலு அங்குலம், ஸ்னோமொபைலுக்கு அதைவிடக் கூட, காருக்கு அதிலும் கூட. அப்பா முதல் தரம் பிடித்துக்கொண்டு வந்த பேர்ச் மீனை அம்மா பழப்புளி விட்டுக் குழம்பு வைத்தார். அன்றைக்கே அப்பா முழுக் கனடியனாகிவிட்டார் என்று அம்மா இன்றைக்கும் பகிடி பண்ணுவார்.

போர்மன் சொல்லிக் கொடுத்த அங்குலக் கணக்கோடு அப்பா தன் பங்குக்குத் தமிழ்க் கணக்கு ஒன்றையும் சேர்த்துக்கொண்டார். பொங்கல் முடிந்தால் காலை வைக்கலாம், சிவராத்திரி முடிந்தால் பார்த்து வைக்க வேணும். நானும் தம்பியும் அதைக் கேட்டுத்தான் வளர்ந்தோம். ஒரு அந்நிய ஏரியைத் தன் பஞ்சாங்கத்துக்குள் கொண்டுவந்து வைத்ததில் அப்பாவுக்கு ஒரு பெருமை. எங்களுக்கும்தான்.

அன்று இரவு பேஸ்மென்ற்றிலிருந்து ஒரு பெட்டியோடு மேலே வந்தார். ஸ்காபரோ பலசரக்குக் கடைகள் வருசா வருசம் இலவசமாகத் தருகிற தமிழ்க் கலண்டர்கள். அப்பா ஒன்றையும் எறிந்ததில்லை. சீட்டுக் காசு கட்டிய திகதி, காருக்கு எண்ணெய் மாற்றிய திகதி, ஊருக்குக் காசு அனுப்பியது, எல்லாம் அந்தக் கட்டங்களுக்குள் பொடி எழுத்தில் இருக்கும். சில சனிக்கிழமைகளில் மட்டும் இப்படி: "ஐஸ் 5. பேர்ச் 22." ஐந்து அங்குலம், இருபத்திரண்டு மீன்.

"இந்தா பார். உன்ர கதையை நம்பிறதோ, இதை நம்பிறதோ?" என்று மேசையில் பரப்பினார்.

மகளும் நானும் இருந்து பார்த்தோம். 1994-ல் முதற் பயணம் ஜனவரி 8, பொங்கலுக்கு முன்னமே. 1998-ல் பெப்ரவரி 7 வரை ஒன்றுமில்லை. 2012-ல் வெறுமை. 2014-ல் ஜனவரி 11. 2016-ல் பெப்ரவரி 13. 2024 கலண்டரில் பெப்ரவரிப் பக்கத்தில் இரண்டு சொல்: "ஐஸ் இல்லை."

நான் ஏதோ வழக்கு வென்ற மாதிரி நிமிர்ந்தேன். ஆனால் நியாயமாகச் சொல்வதென்றால் அந்தக் கலண்டர்கள் எனக்கும் சாட்சி சொல்லவில்லை. தொண்ணூறுகளிலும் மோசமான வருடம் இருக்கிறது, 2014-இலும் நல்ல வருடம் இருக்கிறது. 2006 முழுக்க வெறுமை, ஆனால் அது அப்பாவுக்கு முழங்கால் சத்திரசிகிச்சை நடந்த வருடம். அவருடைய இரவு ஷிஃப்டுகளும் அந்தக் கட்டங்களுக்குள் கலந்திருக்கின்றன. ஒரு மனிதனின் முப்பது வருடம் ஒரு ஏரியைப் பற்றிச் சொல்லப் போதாது.

அப்போதுதான் எனக்கு ஜப்பானின் சுவா ஏரி ஞாபகம் வந்தது. அங்கே 1443-ஆம் ஆண்டிலிருந்து ஷிண்டோ கோயில் பூசாரிகள் தலைமுறை தலைமுறையாக ஏரி உறையும் நாளைக் குறித்து வருகிறார்கள். உறைந்த ஏரியில் இரவுக் குளிரில் பெரிய வெடிப்பு ஒன்று ஓடி, ஐஸ் இரண்டு பக்கமும் மேலே எழும்பி ஒரு வரம்பு போல நிற்கும். அக்கரையிலிருக்கும் தேவியைப் பார்க்க இக்கரைத் தெய்வம் நடந்து போன தடம் அது என்பது அவர்கள் நம்பிக்கை. பதிவு தொடங்கிய முதல் 250 வருடங்களில் ஏரி உறையாத குளிர்காலம் மூன்றே மூன்று. 1955-க்கும் 2004-க்கும் இடைப்பட்ட ஐம்பது வருடத்தில் பன்னிரண்டு. தெய்வம் நடந்த தடம் 2018-ல் வந்தது. அதற்குப் பிறகு 2025 வரை ஒரு வருடமும் வரவில்லை.

"அப்ப அந்தச் சாமி இப்ப எப்பிடிப் போறார்? போட்டிலயா?" என்று மகள் கேட்டாள். அப்பா சிரித்துவிட்டார். அன்றைக்கு முதல் தரம்.

அந்தப் பூசாரிகளின் பதிவை ஆராய்ந்தவர்களில் ஒருவர் நம்மூர்ப் பேராசிரியர்தான், ரொறொன்ரோ யோர்க் பல்கலைக்கழகத்தின் சப்னா சர்மா. வட அரைக்கோளத்தில் நூறு வருடத்துக்கு மேல் பதிவுள்ள 60 ஏரிகளை எடுத்து அவரும் கூட்டாளிகளும் பார்த்திருக்கிறார்கள். ஐஸ் கிடக்கும் காலம் சராசரியாக நூற்றாண்டுக்கு 17 நாள் குறைந்திருக்கிறது. கடைசி 25 வருடங்களில் அந்தக் குறைவு ஆறு மடங்கு வேகமாகியிருக்கிறது. ஒரு கலண்டரில் தெரியாதது, நூறு கலண்டரை அடுக்கி வைத்தால் தெரிகிறது.

அப்பாவின் "ஐஸ் இல்லை" என்ற இரண்டு சொல்லுக்கு வருகிறேன். அந்த நாள் நானும் கூட இருந்தேன். 2024 குடும்ப தின வார இறுதி. அந்தக் குளிர்காலத்தில் பேரேரிகள் ஐந்திலும் சேர்த்து ஐஸ் மூடிய பரப்பு, மிக அதிகமாக இருந்த நாளில்கூட, 16 வீதம்தான். வழக்கமான வருடமென்றால் பாதிக்கு மேல் மூடும். சிம்கோவின் தென்கரையில் போய் இறங்கினோம். வானிலிருந்து துளைபோடும் ஓகரை இறக்கப் போன அப்பா அப்படியே நின்றார். "சத்தம் கேக்குதடி" என்றார். கரையோரத்தில் கொஞ்சம் மெல்லிய ஐஸ், அதற்கு அப்பால் கரும் தண்ணி, அலை அடிக்கிற சத்தம். பெப்ரவரி மாதத்தில் அந்த ஏரியில் அலைச் சத்தத்தை அவர் கேட்டதே இல்லையாம்.

இடையில் ஒன்று. ஏரி உறையாவிட்டால் ஸ்னோவாவது குறையும் என்று யாரும் சந்தோசப்பட வேண்டாம். திறந்த தண்ணிக்கு மேலால் வரும் குளிர்காற்றுத்தான் ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து கரையில் கொட்டுகிறது. ஏரி மூடிவிட்டால் அந்தக் கொட்டல் அடங்கும். ஈரி ஏரிக் கரையில் இருக்கிற பஃபலோக்காரரைக் கேட்டுப் பாருங்கள்.

மீன் இல்லை என்று ஆன பிறகு, சும்மா திரும்பாமல் கரையோர வீதியால் கிழக்கே ஓடினோம். வேர்ஜினியா பீச் என்ற இடத்தில் ஒரு சின்ன இறங்குதுறை இருக்கிறது. அங்கிருந்து மூன்று கிலோமீற்றர் அளவில் ஜோர்ஜினா தீவு. சிப்பவா முதற்குடி மக்களின் ஊர் அது. தீவில் நிரந்தரமாக இருப்பவர்கள் ஏறத்தாழ இருநூறு பேர். துறையில் ஒரு பெண், பால், பம்பர்ஸ் பெட்டி, பழம் என்று பைகளோடு படகுக்குக் காத்திருந்தார். அப்பா வழக்கம் போல வாயைக் கொடுத்தார். ஐஸ் இல்லாமல் எங்களுக்கு மீன் போச்சு, உங்களுக்குப் படகு ஓடுவது வசதிதானே என்றார். நான் அவருடைய கையைப் பிடித்து இழுத்தேன்.

அந்தப் பெண் கோபிக்கவில்லை. படகு ஓடினால் பிரச்சினை இல்லை, ஐஸ் வடிவாக இறுகினாலும் பிரச்சினை இல்லை, அதன் மேலேயே பாதை போட்டு வாகனத்தில் வந்து போவோம், இரண்டுக்கும் நடுவில் வருகிற நாட்கள்தான் கஷ்டம் என்றார். படகு உடைத்துக்கொண்டு போக முடியாத அளவுக்குத் தடிப்பு, வாகனம் போக முடியாத அளவுக்கு மெல்லிசு. முந்தி அது குளிர்காலம் தொடங்கும்போது கொஞ்ச நாள், முடியும்போது கொஞ்ச நாள். இப்போது உறைந்து, உருகி, மழை பெய்து, திரும்ப உறைந்து, நடுக் குளிர்காலத்திலும் வருகிறது. அப்படியான நாட்களில் பின்னுக்குப் பெரிய காற்றாடி பூட்டிய படகில்தான் போக்குவரத்து. உயர்வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கரையில். பிள்ளைக்கு இரவில் காய்ச்சல் காய்ந்தால் முதலில் ஏரியைப் பார்க்க வேணும், பிறகுதான் பிள்ளையை.

காருக்குள் ஏறிய பிறகு அப்பா சொன்னார், "இரண்டும்கெட்டான் ஐஸ்." அதைவிட நல்ல சொல் எனக்கும் கிடைக்கவில்லை.

ஜோர்ஜினா தீவைப் பற்றி வீட்டுக்கு வந்து வாசித்தேன். அந்தச் சமூகம் 2010-களிலேயே தனக்கென்று ஒரு காலநிலைத் தகவமைவுத் திட்டம் எழுதி வைத்திருக்கிறது, மூத்தவர்களின் ஞாபகங்களையும் கேட்டுச் சேர்த்து. நாங்கள் எல்லாம் காலநிலை மாற்றத்தைப் பிள்ளையின் பள்ளிக்கூடப் புரொஜெக்ற்றுக்குத் தேடுகிற காலத்தில், அவர்கள் படகுக் கால அட்டவணைக்காக அதைப் பற்றி யோசித்திருக்கிறார்கள். இன்னொன்றும் வாசித்தேன். சுற்றிவர நன்னீர் இருக்கிற அந்தத் தீவில், 2017 முதல் பல வருடங்கள் குழாய்த் தண்ணியைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேணும் என்ற அறிவித்தல் இருந்தது. அது காலநிலையின் குற்றமில்லை, காசு ஒதுக்க வேண்டியவர்களின் குற்றம். வெப்பம் கூடும்போது எல்லாரும் ஒரே மாதிரி அடிபடுவதில்லை என்பதற்கு, ரொறொன்ரோவிலிருந்து ஒன்றரை மணித்தியாலத்தில் இருக்கிற உதாரணம் இது.

இது சிம்கோவுக்கு மட்டுமான கதையும் இல்லை. சுப்பீரியர் ஏரியில் விஸ்கொன்சின் பக்கம் மடலின் தீவு என்று ஒன்று. அங்கேயும் குளிர்காலத்தில் ஐஸ் பாதைதான். பாவித்து முடிந்த கிறிஸ்மஸ் மரங்களை ஐஸில் நட்டு வழி காட்டுவார்கள். நடுக்கெட்ட நாட்களில் காற்றாடி பூட்டிய வண்டியில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோவார்கள். 2024-ல் அங்கே குளிர்காலம் முழுக்கப் படகே ஓடியது, மரம் நட வேலையே இல்லை.

இனி ஐஸுக்குக் கீழே நடப்பதையும் கொஞ்சம் சொல்லவேணும், ஏனென்றால் வீட்டு விலைக்குப் பயந்து நம்மவர்கள் நிறையப் பேர் இப்போது பாரி, கெஸ்விக், பிராட்ஃபோர்ட் பக்கம் போய்விட்டார்கள். கெஸ்விக் வீட்டுக் குழாயில் வருவதும், பாரியில் ஒரு பகுதிக்கு வருவதும் இந்த ஏரித் தண்ணிதான்.

தண்ணிக்கு ஒரு விசித்திரம் உண்டு. 4 பாகை செல்சியசில்தான் அது மிகவும் பாரமாக இருக்கும். அதனால்தான் ஏரி மேலிருந்து கீழாக உறைகிறது, அடியில் மீன் பிழைக்கிறது. இதை மகளுக்கு விளங்கப்படுத்த ஃப்ரிட்ஜில் ஒரு கிளாஸ் தண்ணியை வைத்துப் பார்த்தோம். கிளாஸ் வெடித்தது, அது வேறு கதை. கோடையில் நிலைமை தலைகீழ். சூடான தண்ணி மேலே, குளிர்ந்தது கீழே, எண்ணெயும் தண்ணியும் போல ஒன்றோடொன்று கலக்காமல் கிடக்கும். அப்போது ஆழத்திலிருக்கும் தண்ணிக்குக் காற்றோடு தொடர்பில்லை. இருக்கிற ஒட்சிசனை வைத்துத்தான் இலையுதிர்காலம் வரை ஓட்டவேணும். ஐஸ் முந்திப் போனால் ஏரி முந்திச் சூடாகிறது, இந்த அடுக்கும் முந்தியே விழுகிறது. இலையுதிர்காலத்தில் பிந்தித்தான் கலைகிறது. சிம்கோவில் 1980-ஓடு ஒப்பிட்டால் இந்த அடுக்குக் காலம் இப்போது ஒரு மாதத்துக்கு மேல் நீண்டுவிட்டது. மூச்சை ஒரு மாதம் கூடுதலாகப் பிடித்து வைத்திருக்கச் சொன்ன மாதிரி. குளிர்ந்த ஆழத்தில் வாழும் ஏரி ட்ரவுட் மீனுக்கு மேலே போனால் சூடு, கீழே போனால் மூச்சில்லை.

ஆனால் எல்லாவற்றையும் காலநிலையின் தலையில் கட்டவும் முடியாது. சிம்கோவின் ட்ரவுட் தானாக இனம் பெருக்குவது எண்பதுகளிலேயே நின்று போய், பண்ணையில் வளர்த்த குஞ்சுகளை விட்டுத்தான் காப்பாற்றினார்கள். காரணம் பொஸ்பரஸ். வயல் பசளை, கழிவுநீர், புது வீட்டுத் திட்டங்களின் மண், எல்லாம் ஏரிக்குள் போய்ப் பாசியாகி, பாசி செத்து அடியில் அழுகி, ஒட்சிசனைத் தின்றது. 2008-ல் மாகாணம் இந்த ஏரிக்கென்றே தனிச் சட்டம் போட்டது. வருடத்துக்கு 44 தொன் பொஸ்பரசுக்கு மேல் போகக்கூடாது என்பது அந்தத் திட்டத்தின் இலக்கு. குறைத்துக்கொண்டு வந்ததை மழைக் கொட்டலும் நீண்ட கோடையும் திரும்பப் பிடுங்குகின்றன. நாங்கள் வாங்குகிற புது வீடும், போடுகிற புல்லுத்தரைப் பசளையும் இந்தக் கணக்குக்குள் வருகிறது. இதைச் சொன்னால் பாரியிலிருக்கிற என் மச்சாள் ரெலிபோனை வைத்துவிடுவாள், ஆகவே அவளுக்குச் சொல்லவில்லை.

நான் அப்பாவோடு சண்டை பிடித்ததில் ஒரு பிழை விட்டேன். அதையும் சொல்லவேணும். 2024-ல் அந்த அலைச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "இனி ஐஸே இல்லை அப்பா, உங்கட ஓகரை வித்துப்போடுங்கோ" என்று சொல்லியிருந்தேன். அடுத்த வருடம், 2025-ல், குளிர் வந்து ஏரி கல்லாக இறுகியது. பேரேரிகளின் ஐஸ் 50 வீதம் தாண்டியது. அப்பா நாலு தரம் போய் வந்து, நாலு தரமும் எனக்கு மீன் படம் அனுப்பினார். படத்துக்குக் கீழே ஒன்றும் எழுதவில்லை. எழுதத் தேவையும் இருக்கவில்லை.

அதனால்தான் எனக்குப் பயம் கூடியது. ஒரேயடியாக ஐஸ் இல்லாமல் போனால் யாரும் அதன் மேல் போக மாட்டார்கள். சப்னா சர்மாவின் குழு பத்து நாடுகளில் நடந்த நாலாயிரத்துக்கு மேற்பட்ட குளிர்கால நீரில் மூழ்கிய மரணங்களை ஆராய்ந்தது, கனடாவும் அதில் ஒன்று. கடுங்குளிரில் மரணம் குறைவு. வெப்பநிலை பூச்சியத்தை நெருங்க நெருங்க, -5 பாகைக்கும் பூச்சியத்துக்கும் இடையில், ஏறுகிறது. மூழ்கியவர்களில் சின்னப் பிள்ளைகளும் இளம் ஆட்களும் கூட. பழைய திகதியை நம்பிப் போகிறார்கள், அல்லது போன வருடத்து நல்ல ஐஸை நினைத்துப் போகிறார்கள். அப்பாவின் பொங்கல் கணக்கும், என்னுடைய "இனி ஐஸே இல்லை" கணக்கும் இரண்டுமே ஒரே விதமான பிழைதான். இரண்டு பேருமே ஏரியைப் பார்க்காமல் கலண்டரைப் பார்த்தோம்.

இந்த முறை கலண்டரை மூடி வைத்துவிட்டு மூன்று பேரும் மேசையில் இருந்து கதைத்தோம். அப்பாவுக்குத் தெரிந்தவை எனக்குத் தெரியாதவை என்று கண்டேன். ஏரியின் தெற்கே குக்ஸ் பே ஆழம் குறைவு, அதனால் முதலில் உறையும். மேற்கே கெம்பன்ஃபெல்ற் பே 40 மீற்றருக்கு மேல் ஆழம், கடைசியில்தான் உறையும், அவ்வளவு தண்ணியும் குளிர்ந்து முடிய வேணுமே. ஆறு வந்து விழும் வாய்க்குக் கிட்டப் போகக்கூடாது. ஐஸில் கறுப்பு, வெள்ளை என்று இரண்டு இருக்கிறது. தெளிவாக, கீழே தண்ணி கறுப்பாகத் தெரிகிறது பலமான ஐஸ். ஸ்னோ விழுந்து, நனைந்து, திரும்ப உறைந்தது வெள்ளை ஐஸ். அதன் பலம் பாதிதான், ஆகவே தடிப்பு இரண்டு மடங்கு வேணும். எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: குளிர்காலத்தில் மழையும் உருகலும் கூடக் கூட, நாலு அங்குலத்துக்குள் இருக்கிற வெள்ளைப் பங்கும் கூடுகிறது. போர்மன் சொன்ன நாலு அங்குலம் கறுப்பு ஐஸுக்கான கணக்கு. கனடியச் செஞ்சிலுவைச் சங்கம் இப்போது நடக்கவே 15 சென்ரிமீற்றர், அதாவது ஆறு அங்குலம், என்கிறது. அப்பா இதைக் கேட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்ப ஆறு எண்டே வைப்பம். பிள்ளை வாறாள்தானே" என்றார்.

அவர் முப்பது வருடத்தில் ஒரு அங்குலமும் விட்டுக் கொடுத்ததை நான் காணவில்லை. இரண்டு அங்குலம் கொடுத்தார்.

மகளுக்கு இப்போது சொந்தக் கொப்பி ஒன்று இருக்கிறது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் மழைநீர் சேர்கிற குளம் ஒன்று உண்டு. அது உறைந்த நாள், உருகிய நாள், திரும்ப உறைந்த நாள் என்று குறிக்கிறாள். கனடாவில் ஐஸ்வாட்ச் என்று ஒரு மக்கள் பதிவுத் திட்டம் இருக்கிறது, உங்கள் பக்கத்து ஏரி உறைந்த, உருகிய நாட்களை நீங்களும் சேர்க்கலாம். தமிழிலும் எழுத வைக்கலாமே என்று நான் மெல்லச் சொல்லிப் பார்த்தேன். "உறைந்தது" என்பதை மூன்று விதமாக எழுதியிருக்கிறாள், மூன்றும் பிழை. திருத்தப் போகவில்லை. போன மாதத்துச் சண்டையே போதும்.

குடும்ப தினத்துக்கு இன்னும் நாலு நாள். நேற்றுப் பின்னேரம் அப்பா குடில் வாடகைக்கு விடுகிறவருக்கு ரெலிபோன் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். குக்ஸ் பேயில் ஏழு அங்குலம் என்றார் அவர். அப்பா என்னைப் பார்த்த பார்வையில் ஏழின் வெற்றி முழுக்க இருந்தது. நன்றி சொல்லி வைக்கப் போனார்.

"அம்மப்பா, வையாதேங்கோ" என்று மகள் மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து சொன்னாள். "கறுப்போ வெள்ளையோ எண்டு கேளுங்கோ."